வேகத்தோடு அகலத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் அறிவியல் பக்கத்தில் அடுத்த தலைமுறை வயர்லெஸ் ஆய்வைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பிலேயே வேகம். முழு நீளத் திரைப்படம் கண் இமைப்பதற்குள் இறங்கிவிடும் என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆய்வாளர்களின் படம். எழுதியவர் தவறாக எதையும் எழுதிவிடவில்லை. ஆனால் அந்த வேகத்தை எட்ட எவ்வளவு அகலமான அலைக்கற்றை தேவைப்பட்டது, அனுப்பிய கருவிக்கும் வாங்கிய கருவிக்கும் நடுவே எவ்வளவு தூரம், அந்த நேரத்தில் அதே அலைவரிசையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தார்களா என்ற மூன்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. இவை தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாசகர் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் கட்டடங்களுக்குள் வயர்லெஸ் நெட்வொர்க் அமைத்துக் கொடுத்து, அதைப் பராமரித்து வந்தவன். மாணவர் விடுதி, கருத்தரங்கக் கூடம், மருத்துவமனை, சரக்குக் கிடங்கு என்று எங்கிருந்து “நெட் வரவே மாட்டேங்குது” என்று புகார் வந்தாலும் எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் தூக்கிக்கொண்டு போவேன். வீட்டில் பொழுதுபோக்கு ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்று மற்ற ஆர்வலர்களோடு ரேடியோவில் பேசுவது. ஹாம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்போம்; அப்புறம் மோர்ஸில் ‘கியூ ஆர் எல்?’ என்று தட்டுவோம். இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா என்று பொருள். பதில் வராவிட்டால்தான் அழைப்பைத் தொடங்குவோம். உங்கள் வீட்டு ரூட்டரும் ஒரு நொடிக்குள் இதையே பல நூறு தடவை செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வயர்லெஸில் நெரிசல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

முதலில் வேகத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1948ல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் போட்டுக் கொடுத்த வரம்பை இன்று வரை யாரும் தாண்டவில்லை. ஓர் இணைப்பில் நொடிக்கு எத்தனை பிட் போகலாம் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அலைக்கற்றையின் அகலம். இன்னொன்று, இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை மடங்கு வலுவாக இருக்கிறது என்பது. அகலத்தை இரட்டிப்பாக்கி, சிக்னலின் தரத்தையும் அப்படியே காப்பாற்றினால் வேகம் இரட்டிப்பாகும். ஆனால் சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருக்கும்போது அதன் சக்தியை இரட்டிப்பாக்கினால், ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் நொடிக்கு ஒரே ஒரு பிட்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஏற்கெனவே பத்து பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் பதினொன்று. அவ்வளவுதான். ஆகவே வேகத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்றால் சுலபமான வழி, அகலத்தைக் கூட்டுவதுதான்.

வைஃபையின் வரலாற்றைப் பாருங்கள். 1997ல் வந்த முதல் தரநிலை சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நொடிக்கு 2 மெகாபிட் தந்தது. 2009ல் 40 மெகாஹெர்ட்ஸ் சேனல் (ஓர் இணைப்பு பேசுகிற அலைக்கற்றைத் துண்டு) வந்தது, 2013ல் 80, 160. இப்போது கடைக்கு வந்திருக்கும் வைஃபை 7ல் 320 மெகாஹெர்ட்ஸ். ஏட்டளவில் அதன் உச்ச வேகம் 46 கிகாபிட் என்கிறார்கள். இடையில் குறியேற்றும் முறையும், அதாவது பிட்டுகளை ரேடியோ அலையில் ஏற்றும் விதமும், நிறைய முன்னேறியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வைஃபை 7ல் புதிதாகச் சேர்ந்த 4096 நிலைக் குறியேற்றம், முந்தைய 1024 நிலையைவிட இருபது சதவீதம்தான் கூடுதலாகத் தருகிறது. அதுவும் வைஃபை பெட்டி (ரூட்டர்) இருக்கும் அறையிலேயே, அதற்குக் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தால்தான் வேலை செய்யும். அடுத்த அறைக்குப் போனதும் கருவி தானாகவே பழைய, மெதுவான முறைக்கு இறங்கிவிடும்.

அகலம் எங்கிருந்து வருகிறது? பக்கத்து வீட்டிலிருந்து. அமெரிக்கா 2020 ஏப்ரலில் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1200 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. பெரிய இடம்தான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல்களை அதில் அடுக்கினால் மூன்றுதான் பிடிக்கும். ஐரோப்பா 2021ல் திறந்தது 480 மெகாஹெர்ட்ஸ். அங்கே ஒன்றே ஒன்று. அப்படியானால் ஓர் அடுக்குமாடியில் ஒரு வீட்டுப் பெட்டி முழு வேகத்தில் இயங்கும்போது, அதன் சிக்னல் கேட்கும் தூரத்தில் உள்ள மற்ற எல்லாப் பெட்டிகளும் அதனோடு முறை வைத்துத்தான் பேசியாக வேண்டும். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டால் அவருக்குச் சொகுசாகத்தான் இருக்கும். விளம்பரத்தில் வரும் வேகம் அந்தப் படுத்திருப்பவருடைய வேகம். பெட்டியின் செட்டிங்கில் அகலத்தை 40 அல்லது 80க்கு இறக்கிவைத்தால் உச்ச வேகம் குறையும். நெருக்கமான கட்டடத்தில் எல்லோருடைய மாலை நேரமும் சீராகும். இதை நான் எத்தனையோ இடங்களில் செய்து பார்த்துவிட்டேன். வாங்கியவர்கள்தான் “காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களே” என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

சரி, நெரிசல் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? 2.4 கிகாஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்வோம், பழைய கருவிகளும் மலிவான கருவிகளும் இன்னும் அங்கேதான் குடியிருக்கின்றன. 2400லிருந்து 2483.5 வரை, மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். தொழிற்சாலைச் சூடேற்றிகளுக்கும் மைக்ரோவேவ் அடுப்புகளுக்கும் என்று ஒதுக்கி, வேறு எதற்கும் ஆகாது என்று ஓரமாக விட்டிருந்த பகுதி அது. 1985ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், சிக்னலை அகலமாகப் பரப்பி அனுப்பும் அகலப் பரவல் முறையில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. வைஃபை, புளூடூத் எல்லாம் அந்த ஓரத்தில் முளைத்தவை. அடுப்பு இன்றும் 2.45ல்தான் ஓடுகிறது. அந்த 83.5க்குள் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே.

ஒவ்வொரு வைஃபை பெட்டியும் “நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது” என்று ஏறத்தாழ ஒரு நொடிக்குப் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். இதைப் பீக்கன் என்போம். யாரும் நெட் பயன்படுத்தாத நள்ளிரவிலும் இந்த அறிவிப்பு நிற்காது. எவ்வளவு பழைய கருவிக்கும் புரிய வேண்டும் என்பதற்காகப் பல பெட்டிகள் இதை மிகக் குறைந்த வேகத்தில், அதாவது நொடிக்கு 1 மெகாபிட்டில் அனுப்புகின்றன. ஒரு பீக்கன் 250 பைட் என்று வையுங்கள். அந்த வேகத்தில் அதை அனுப்பி முடிக்க 2 மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஒரே சேனலில் இருபது பெட்டிகள் காதில் விழுகிற இடத்தில், ஒவ்வொரு 100 மில்லி நொடியிலும் 40க்கு மேல் இந்தப் பெயர் சொல்லும் வேலைக்கே போய்விடும். யாரும் இன்னும் ஒரு படம்கூடத் திறக்கவில்லை, அதற்குள் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் காலி! இதில் சில அலுவலகங்கள் ஊழியருக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒரு பெயர், பிரின்டருக்கு ஒரு பெயர் என்று ஒரே பெட்டியில் நாலைந்து பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பீக்கன்.

இன்னொரு சிக்கல், மெதுவான கருவி. நெட்டில் போகும் தரவைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்துத்தான் அனுப்புவார்கள், அதைப் பாக்கெட் என்போம். 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 12 மில்லி நொடி. அதே பாக்கெட்டை 54 மெகாபிட்டில் அனுப்பினால் கால் மில்லி நொடிகூட ஆகாது. முறை வைத்துப் பேசும் விதி எல்லோருக்கும் சமமான ‘முறை’ தருகிறது, சமமான ‘நேரம்’ தருவதில்லை. ஆகவே அறையின் கடைசி மூலையில் திணறிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கருவி, பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தம்புதிய கருவியையும் தன் வேகத்துக்கே இழுத்துவிடும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003லேயே இதை அளந்து எழுதினார்கள். பல ரூட்டர்களை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் முறைக்குப் பதிலாக நேரத்தைப் பங்கிடும் திருத்தம் வந்து பரவ அதற்குப் பின் பத்தாண்டுக்கு மேல் ஆனது. மென்பொருளில் சில நூறு வரிகளைத் திருத்துகிற வேலை, ஆனால் அதைத் தலைப்புச் செய்தியாக எங்கும் பார்த்த நினைவில்லை.

யார் முதலில் பேசுவது என்ற இந்தப் பிரச்சினைக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1971ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கு இடையே ரேடியோ மூலம் கணினிகளை இணைத்தபோது, கேட்காமல் பேசு, மோதினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசு என்பதுதான் விதி. அலோகா என்று பெயர். அப்படி நடத்தினால் சேனலின் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது என்பது கணக்கு. நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் பேசலாம் என்று ஒரே ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தால் அது 36 சதவீதத்தைத் தாண்டும். அலைக்கற்றை ஒரு ஹெர்ட்ஸ்கூடக் கூடவில்லை, கருவியின் சக்தியும் கூடவில்லை, ஆனால் கொள்ளளவு இரட்டிப்பு. நெரிசலைத் தணிக்கும் ஆய்வு என்று நான் நினைப்பது இந்த மாதிரியானதை. 2021ல் முழுமையடைந்த வைஃபை 6ன் உண்மையான சாதனையும் இதே வகைதான். யார் எப்போது பேசுவது என்பதைப் பெட்டியே நிர்வகிக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை ஒன்பது துண்டு வரை பிரித்து ஒன்பது கருவிகளை ஒரே நேரத்தில் பேசவைக்கிறது. சிறு செய்தி அனுப்புகிற கருவி முழுச் சேனலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு விடுதியின் கதையைச் சொல்கிறேன். நீளமான நடைவழி, இரு பக்கமும் அறைகள், கெட்டியான சுவர்கள். முன்பு அமைத்தவர்கள் பெட்டிகளையெல்லாம் நடைவழிக் கூரையில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். கேபிள் இழுக்கச் சுலபம். விளைவு, நடைவழியில் தடையே இல்லாததால் ஒரு கோடியில் உள்ள பெட்டிக்கு மறுகோடிப் பெட்டி பேசுவது தெளிவாகக் கேட்டது. எல்லாம் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வாய்மூடிக் காத்திருந்தன. சுவருக்குப் பின்னால் இருந்த மாணவருக்கோ சிக்னல் மெலிந்துதான் போய்ச் சேர்ந்தது. பொறுக்க முடியாமல் மாணவர்கள் ஆளுக்கொரு பெட்டி வாங்கி வைத்தார்கள், அதில் பெரும்பாலானவை 6ஆம் சேனலில் வந்து குவிந்தன. என்னை அழைத்தவர்கள் கேட்டது, இதைவிடச் சக்திவாய்ந்த பெட்டி கிடைக்குமா என்பதுதான்.

நான் செய்தது நேர் எதிர். பெட்டிகளை அறைக்குள் கொண்டுபோனேன். சக்தியை நன்றாகக் குறைத்தேன். சுவர் இருக்கிறதே, அதுவே வேலி. பீக்கனின் குறைந்தபட்ச வேகத்தை 1லிருந்து 12 மெகாபிட்டுக்கு ஏற்றினேன், பெயர்களை ஒன்றாகக் குறைத்தேன், 2.4ல் பாதிப் பெட்டிகளின் ரேடியோவை அணைத்தே விட்டேன். ஸ்பீடு டெஸ்ட்டில் தெரிந்த உச்ச எண் முன்பைவிடக் குறைவு. ஆனால் இரவு பத்து மணிக்கு வீடியோ அழைப்பு அறுந்துபோகும் புகார்கள் அடங்கிவிட்டன. அந்த நிர்வாகம் கடைசிவரை, உச்ச எண் குறைந்ததற்கு விளக்கம் எழுதிக்கொடு என்று என்னைத் துரத்தியது தனிக்கதை. (அப்புறம், நெட் மெதுவாக இருக்கிறது என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுவார்களே, இருக்கும் நெரிசலில் அதைவிட மோசமான காரியம் கிடையாது. அந்தச் சோதனையின் வேலையே சேனலை முட்ட நிரப்புவதுதான்.)

இந்த ‘சிறிதாகப் பேசு, கிட்டத்தில் பேசு’ என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. மொபைல் போன் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. ஒரே அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள இடத்தில் மறுபடி பயன்படுத்தலாம் என்ற செல் யோசனை (ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு பகுதியும் ஒரு செல்) பெல் ஆய்வுக்கூடக் குறிப்பு ஒன்றில் 1947லேயே வந்துவிட்டது. கையடக்கப் போனில் முதல் அழைப்பைச் செய்த மார்ட்டின் கூப்பரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. 1957க்குப் பிறகு வயர்லெஸின் மொத்தக் கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு கூடியது. அதில் கூடுதல் அலைக்கற்றையால் வந்தது 25 மடங்கு, அதை நுணுக்கமாகப் பிரித்ததால் 5 மடங்கு, மேம்பட்ட குறியேற்றத்தால் 5 மடங்கு. மீதி 1600 மடங்கும் செல்களைச் சிறிதாக்கியதால், அதாவது ஒரே அலைவரிசையை நெருக்கமாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். தோராயக் கணக்குதான் என்றாலும் எது பெரிய பங்கு என்பதில் சந்தேகம் இல்லை.

இன்னொரு வழி, ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பல தரவு ஓட்டங்களை அனுப்புவது. இந்தியக் கடற்படைக்காகச் சோனார் (ஒலியால் நீருக்கடியில் உள்ளவற்றைக் கண்டறியும் கருவி) உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது இதற்கான அடிப்படை யோசனையைத் தந்தார். 1994ல் காப்புரிமை கிடைத்தது. சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்து வரும் எதிரொலிகளை அதுவரை எல்லோரும் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். பல ஆன்டெனாக்களை வைத்தால் அந்த எதிரொலிகளின் வேறுபாட்டைக் கொண்டே ஓட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கலாம் என்றார் அவர். அன்று பலர் நம்பவில்லை. இன்று உங்கள் போனிலும் ரூட்டரிலும் இருப்பது அதுதான். 2014ல் அவருக்கு மார்க்கோனி பரிசு வந்தது. பெல் ஆய்வுக்கூட ஆய்வாளர் தாமஸ் மார்செட்டா 2010ல் இதையே டவரில் மிகப் பல ஆன்டெனாக்கள் என்ற அளவுக்கு விரித்தார். 5ஜி டவர்களில் தட்டையான பலகை மாதிரித் தெரிவது அந்த யோசனையின் உருவம். ஒவ்வொருவரை நோக்கியும் தனித்தனிக் கதிராகச் சிக்னலைக் குவிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு இரைச்சல் குறைகிறது.

உங்கள் கட்டுரையில் வந்த மிக உயர்ந்த அதிர்வெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை புதியவை என்ற தொனி எழுத்தில் இருந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் 1897லேயே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம்முடைய மில்லிமீட்டர் அலைக் கருவிகளைக் காட்டியிருக்கிறார். 5 மில்லிமீட்டர் நீளம் வரை அவர் இறங்கிப் போனார். அது இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். அந்த இடத்தில் காற்றில் உள்ள ஆக்சிஜனே சிக்னலை உறிஞ்சும், கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல். சுவரைத் தாண்டாது, உள்ளங்கையால் மறைத்தாலே பலவீனமாகிவிடும். இதைக் குறை என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வரம் என்று படுகிறது. சிக்னல் அறையை விட்டு வெளியே போகாவிட்டால், அடுத்த அறையில் அதே அலைவரிசையை முழுசாக மறுபடி பயன்படுத்தலாமே. 2023ல் தரநிலை பெற்ற ஒளிவழி வயர்லெஸுக்கும் இதே குணம். ஆனால் ஓர் அறைக்குள் மட்டும் கிடைக்கும் வேகத்தை ஊர் முழுக்கக் கிடைக்கப்போகிற வேகம் போல எழுதக் கூடாது. அந்த அறை வரைக்கும் ஒரு கண்ணாடியிழைக் கேபிள் வந்து சேர வேண்டும் என்ற விஷயமும் எங்கோ ஓரிடத்தில் வர வேண்டும்.

அடுத்தது, அரசுகள் இன்னும் நிறைய அலைக்கற்றையைத் திறந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்ற பேச்சு. ஓரளவுக்கு உண்மை. ஆனால் காலி நிலம் எங்கும் இல்லை. 24 கிகாஹெர்ட்ஸில் 5ஜிக்கு இடம் ஒதுக்கியபோது, வானிலை ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காற்றில் உள்ள நீராவி தன் இயல்பிலேயே 23.8 கிகாஹெர்ட்ஸ் அருகே மெல்லிய ரேடியோ ஒளியை வெளியிடுகிறது, செயற்கைக்கோள்கள் அதைக் கேட்டுத்தான் புயலையும் மழையையும் கணிக்கின்றன. நீராவியை வேறு சேனலுக்கு மாறச் சொல்ல முடியாது. வானியலாளர்களுக்கும் அப்படித்தான். ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில்தான் பேசும். 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் விமானங்களின் உயரமானிகள் 4.2 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால், அதற்குக் கீழே 5ஜி வருவதில் ஒரு பெரிய தகராறே நடந்தது.

ஆனால் ஒதுக்கப்பட்டும் சும்மா கிடக்கும் அலைக்கற்றை நிறைய உண்டு, அதில்தான் எனக்குப் பிடித்த ஆய்வுகள் நடக்கின்றன. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ரேடார்களின் இடம். ரேடார் கப்பல் கரைக்குப் பக்கத்தில் எப்போதாவதுதான் வரும், மற்ற நேரம் அந்த இடம் சும்மா கிடக்கும். இப்போது கரையோர உணரிகள் ரேடார் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு கணினி அமைப்பு, யார் எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்று அவ்வப்போது ஒதுக்கித் தருகிறது. கப்பல் வந்தால் கடற்படைக்கு முதல் உரிமை, அடுத்து ஏலத்தில் எடுத்தவர்கள், மிச்சத்தில் மற்ற எல்லோரும். 2020 முதல் முழு அளவில் நடந்துவருகிறது.

அதைவிடச் சுவாரசியமானது, அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய போட்டி. ஒருவரையொருவர் முன்பின் அறியாத ரேடியோக்களை ஒரே அலைக்கற்றையில் விட்டு, மனிதர் தலையீடு இல்லாமல் தாமாகப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். 2019 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் இறுதிச் சுற்று, புளோரிடா பல்கலைக்கழகக் குழுவுக்கு 20 லட்சம் டாலர் முதல் பரிசு. இதில் மதிப்பெண் விதிதான் விஷயம். பங்குபெறும் குழுக்களில் யாராவது ஒருவர் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விழுந்துவிட்டால், அந்தக் குறைந்த மதிப்பெண்ணே எல்லோருக்கும். அடுத்தவனை நசுக்கி ஜெயிக்க வழியே இல்லை. விதியை இப்படி எழுதியதும், ரேடியோக்களுக்கு நிரல் எழுதியவர்கள் முதலில் பக்கத்து ரேடியோ பிழைக்கிறதா என்று பார்க்கும்படி எழுதினார்கள். வைஃபை தரநிலைகள் இன்று மெதுவாக அந்தத் திசையில்தான் நகர்கின்றன.

ரேடியோவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பதும் சரியில்லை. பல வீடுகளில் ‘சிக்னல் முழுசா இருக்கு, ஆனா இழுக்குது’ என்பதற்குக் காரணம் பெட்டிக்குள் உள்ள வரிசை. நினைவகம் மலிவானதும், பாக்கெட் தொலையக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் மிகப் பெரிய பஃபர்களை, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடங்களை, வைத்தார்கள். யாரோ ஒருவர் பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கினால் அந்தப் பஃபர் நிரம்பி, பின்னால் வரும் சின்னக் குரல் பாக்கெட் ஒரு நொடி வரைகூட வரிசையில் நிற்கும். மென்பொருள் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இதை 2010 வாக்கில் விடாமல் எடுத்துச் சொன்னார். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012ல் தீர்வு தந்தார்கள். பாக்கெட் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்று பார்த்து, வரிசை நீளாமல் வைத்துக்கொள்ளும் சின்ன மென்பொருள். காசு செலவில்லை, அலைக்கற்றை தேவையில்லை. இன்றும் அது இல்லாத பெட்டிகள் விற்கின்றன, ஏனென்றால் அட்டைப்பெட்டி மேல் அச்சடிக்க அதில் பெரிய எண் எதுவும் இல்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. அடுத்து வரவிருக்கும் வைஃபை 8 தரநிலையை, அதாவது 802.11பிஎன்னை, வகுக்கிற பொறியாளர்களே உச்ச வேகத்தைக் கூட்டுவதை இலக்காக வைக்கவில்லை. சிக்னல் மோசமான இடத்தில் கிடைக்கும் வேகத்தை 25 சதவீதம் கூட்டுவது, மிக மோசமான தாமதங்களை 25 சதவீதம் குறைப்பது, தொலைந்துபோகும் பாக்கெட்டுகளை 25 சதவீதம் குறைப்பது, பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி முறை பங்கிட்டுக்கொள்வது. இவைதான் அவர்கள் எழுதிவைத்த நோக்கங்கள். தொழிலில் உள்ளவர்கள் இந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். செய்தி எழுதுகிறவர்கள் மட்டும் இன்னும் திரைப்படம் இறங்கும் நொடியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வேக ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதாரணத்துக்கு, ஒரே சேனலில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடிகிற ரேடியோவை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2010 முதல் செய்துகாட்டி வருகிறார்கள். தன் குரலையே சுமார் பத்தாயிரம் கோடி மடங்கு அடக்கினால்தான் எதிராளியின் குரல் கேட்கும். ஆன்டெனாவிலும் மின்சுற்றிலும் மென்பொருளிலுமாகச் சேர்த்து அதைச் சாதித்தார்கள். கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதுங்கள், கொண்டாடி எழுதுங்கள். எப்படி அடக்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும், வாசகர்கள் ஒன்றும் ஓடிவிட மாட்டார்கள்.

என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த முறை ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வேகச் சாதனை அறிக்கை வந்தால், உங்கள் நிருபர் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலம்? எத்தனை மீட்டர் தூரம்? நடுவே சுவர் இருந்ததா? அதே சேனலில் இன்னும் ஐம்பது கருவிகள் இருந்தால் கடைசிக் கருவிக்கு என்ன கிடைக்கும்? பதில் வந்தால் கட்டுரையில் போடுங்கள். வராவிட்டால், கேட்டோம் பதில் வரவில்லை என்று ஒரு வரி போடுங்கள். நிருபருக்குக் கணக்கில் ஏதாவது சந்தேகம் இருந்தால் சரிபார்த்துத் தர நான் தயார். ஓய்வில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வயர்லெஸ் பொறியாளர்